350 ஆர்க்கிட் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற எது நல்ல வழி?

கேள்வி இதுதான்: சென்னைப் புறநகரில் ஒரு மொட்டை மாடி. நிழல்வலைக்கு அடியில் சுமார் 350 ஆர்க்கிட் தொட்டிகள். பாதிக்கு மேல் டென்ட்ரோபியம். மீதியில் வாண்டா, மொக்காரா, கேட்லியா, ஆன்சிடியம், ஓர் ஐம்பது பேலனோப்சிஸ். வாளியும் குவளையுமாகத் தண்ணீர் ஊற்றி முடிக்கத் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஆகிறது. போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பின் மில்லிகிராம் அளவு, ஆயிரத்தைத் தொடுகிறது. சொட்டுநீர் போடலாமா, பனிமூட்டம் போல நுண்துளி தெளிக்கும் ஃபாகர் போடலாமா, ஸ்பிரிங்க்லர் போடலாமா? ஊருக்குப் போகும் நாட்களில் என்ன செய்வது?

முதலில் நேரடியான பதில். டென்ட்ரோபியம், மொக்காரா மேசைகளுக்கு மைக்ரோ ஸ்பிரிங்க்லர் போடுங்கள். வாண்டாவுக்கும் பேலனோப்சிஸுக்கும் கையில் பிடித்து ஊற்றும் ஹோஸ் பைப்பே போதும். சொட்டுநீர் வேண்டாம். ஃபாகர் காற்றில் ஈரம் கூட்டுவதற்கு மட்டும்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கையால் ஊற்றும்போது ஒவ்வொரு செடியையும் பார்த்து ஊற்றுகிறோம். காய்ந்திருந்தால் இன்னொரு குவளை, ஈரமாக இருந்தால் தாண்டிப் போகிறோம். குழாய்க்கு அந்தக் கண் கிடையாது. அதற்குத் தெரிந்தது இடம் மட்டும்தான். அதனால் ஒரு குழாயின் கீழ் இருக்கிற எல்லாச் செடிக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்கும்படி தொகுப்பை மாற்றி அடுக்க வேண்டும். இதைச் செய்துவிட்டாலே, எந்தக் கருவியும் இல்லாமல், உங்கள் இரண்டு மணி நேரம் பாதியாகக் குறையும். இதைச் செய்யாமல் குழாய் மட்டும் போட்டால் ஒரே மேசையில் ஒரு தொட்டி காயும், பக்கத்துத் தொட்டி அழுகும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு வேரைப் பார்க்க வேண்டும். மரத்தில் ஒட்டி வாழும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலமென் என்ற உறை இருக்கிறது. இறந்த செல்களால் ஆன, பஞ்சு போன்ற அடுக்கு. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். நனைந்ததும் உள்ளே இருக்கும் பச்சையம் தெரிந்து பச்சையாக மாறும். மழை பெய்யும் சில நிமிடங்களுக்குள் தண்ணீரை உறிஞ்சி, பிறகு காற்றில் காய்ந்து, மீண்டும் அடுத்த நனைதலுக்குக் காத்திருக்கும் அமைப்பு அது. நம் சமவெளிகளிலேயே மாமரக் கிளைகளில் வாண்டா டெசெல்லேட்டா தானாக வளர்ந்து நிற்கிறது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. நன்றாக நனைய வேண்டும், பிறகு காற்றோட்டத்தில் காய வேண்டும். எத்தனை நேரத்தில் காய்கிறது என்பதை முடிவு செய்வது செடியின் பெயரைவிடத் தொட்டியும் அதில் போட்டிருக்கும் பொருளும்தான். கரித்துண்டும் செங்கல் துண்டும் போட்ட மண் தொட்டி, மே மாதத்தில் காலையில் ஊற்றினால் மாலைக்குள் காய்ந்துவிடும். அதே டென்ட்ரோபியம் பிளாஸ்டிக் தொட்டியில் தேங்காய் மட்டைத் துண்டுகளில் இருந்தால் மூன்று நாள் ஈரம் நிற்கும். ஸ்ஃபாக்னம் பாசியில் இறுக்கமாக நட்டு வாங்கி வந்த பேலனோப்சிஸ் ஒரு வாரம்கூடத் தாங்கும்.

உங்கள் மாடியில் இந்த மூன்றும் கலந்துதான் இருக்கும். பல வருடங்களில், பல நர்சரிகளில் வாங்கிச் சேர்த்த தொகுப்பு எல்லாமே அப்படித்தான். ஆகவே அடுத்த முறை தொட்டி மாற்றும்போது டென்ட்ரோபியம் அத்தனையையும் ஒரே அளவுத் தொட்டிக்கு, ஒரே கலவைக்குக் கொண்டுவாருங்கள். சென்னைக்கு நான் சொல்வது பக்கமெல்லாம் துளை உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் கரித்துண்டும் ஓட்டுத் துண்டும், மேலே கைப்பிடி மட்டைத் துண்டும். மட்டைத் துண்டை வாங்கியவுடன் போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊற வைத்து, வடித்து, மீண்டும் ஊற வைத்து, டிடிஎஸ் மீட்டரில் வடிநீரின் அளவு இறங்கியதைப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். 350 தொட்டிகளையும் ஒரே மாதத்தில் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. புது வேர் விடத் தொடங்கும் செடியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். ஓராண்டு ஓடிவிடும். அதுவரை, இப்போதிருக்கும் தொட்டிகளையே வேகமாகக் காய்வது, நடுத்தரம், மெதுவாகக் காய்வது என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனி மேசையில் வையுங்கள்.

எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரு நாள் எல்லாவற்றையும் நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஒவ்வொரு தொட்டியையும் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருப்பது ஈரத்தை வைத்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டிக்குள் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் அதன் நிறமே சொல்லிவிடும். மாடியின் மேற்கு ஓரமும் காற்று வரும் பக்கமும் சீக்கிரம் காயும். அங்கே மெதுவாகக் காயும் மேசையை வைத்தால் இரண்டும் சமன் ஆகும்.

அடுத்து தண்ணீர். ஆயிரம் டிடிஎஸ் உள்ள தண்ணீரை ஸ்பிரிங்க்லரில் விட நினைக்கிறீர்கள் என்றால், ஸ்பிரிங்க்லருக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் தண்ணீருக்குச் செலவழியுங்கள் என்பேன். வாளியில் வேருக்கு ஊற்றும்போது அந்த உப்பு கலவை வழியாகக் கீழே போய்விடுகிறது. மேலிருந்து தெளித்தால் இலையிலும் பூவிலும் காய்ந்து வெள்ளைப் படலமாக உட்காரும், முனைகளின் சிறு துளைகளை அடைக்கும். வேர் நுனி கருகுவதும் இலை நுனி பழுப்பதும் பெரும்பாலும் உப்பின் வேலைதான். ஆர்க்கிட்டுக்கு 200-ஐ ஒட்டிய டிடிஎஸ் நல்லது. டென்ட்ரோபியமும் மொக்காராவும் 400, 500 வரை பொறுத்துக்கொள்ளும். பாசியில் இருக்கும் பேலனோப்சிஸ் அதைப் பொறுக்காது.

நல்ல தண்ணீருக்கு உங்களிடம் வழிகள் இருக்கின்றன. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 600 சதுர அடி மாடி என்பது சுமார் 55 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே நாளில் 2,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. மழைநீர்க் குழாய் ஏற்கெனவே வீட்டில் இருக்கும். தமிழ்நாட்டில் 2003-லிருந்து அது கட்டாயம். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தரைக்கே விட்டுவிட்டு, பிறகு வருவதை வெளிச்சம் புகாத, வலை கட்டிய தொட்டியில் பிடியுங்கள். நான்கு பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு உங்கள் போர் தண்ணீர் கலந்தால் டிடிஎஸ் 200-ஐ ஒட்டி வரும். ஆனால் இந்தச் சேமிப்பு பேலனோப்சிஸுக்கும் உரம் கரைக்கும் நாளுக்கும்தான் போதும், 350 தொட்டிகளுக்கு ஆண்டு முழுதும் போதாது. அதற்கு மணிக்கு 100 லிட்டர் தரும் சிறிய ஆர்ஓ கருவி வைத்துக்கொள்வது நல்லது. தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் 200 லிட்டர். அதைப் போர் தண்ணீருடன் ஒன்றுக்கு ஒன்று கலந்தால்கூட டென்ட்ரோபியத்துக்குப் போதும். ஆர்ஓவில் கழிந்து வரும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அது மாடி கழுவ. உங்கள் வீட்டுக்கு மெட்ரோ தண்ணீர் வருகிறதென்றால் அதை மீட்டரில் அளந்து பாருங்கள், ஆர்ஓ தேவைப்படாமலே போகலாம்.

இனி கருவிகள். சொட்டுநீர் மண்ணுக்கு உரியது. மண்ணில் விழும் சொட்டு பக்கவாட்டில் பரவும். கரித்துண்டிலும் ஓட்டுத் துண்டிலும் அது ஒரே கோடாக வழிந்து அடித்துளையில் வெளியேறிவிடும். தொட்டியின் ஒரு பக்க வேர் நாள் முழுதும் நனைந்திருக்கும், மறுபக்கம் காய்ந்து சுருங்கும். பாசியிலோ ஊற வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஃபாகர் பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. பனி மாதிரி மூட்டம் எழுவதைப் பார்த்தால் செடிகள் மகிழ்ந்திருப்பதாகத் தோன்றும். அந்த நுண்துளிகள் காற்றைக் குளிர்விக்கும், இலையை ஈரப்படுத்தும், தொட்டிக்குள் இருக்கும் வேர் வரை போகாது. கத்திரி வெயிலில் பிற்பகல் ஒன்று முதல் நான்கு மணிக்குள் அரை மணிக்கொரு முறை ஒரு நிமிடம் ஓட்டுவதற்கு அது உதவும். மரக்கட்டையிலும் ஓட்டிலும் கட்டி வளர்க்கும் செடிகள் இருந்தால் அவற்றை ஒரே கம்பி வலையில் தொங்கவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு வரிசை ஃபாகர் கொடுங்கள். நவம்பரில் அதை அடைத்துவிடுங்கள். அப்போது காற்றே ஈரமாக இருக்கும்.

மைக்ரோ ஸ்பிரிங்க்லர்தான் மேசைக்குப் பொருத்தம். மணிக்கு 40 லிட்டர் ஊற்றும் முனைகள், மேசைக்கு மேலே இரண்டடி உயரத்தில், ஒன்றின் வட்டம் அடுத்த முனை வரை எட்டும்படி. நான்கு மேசை, மேசைக்கு ஆறு முனை என்றால் எல்லாமாக மணிக்கு 960 லிட்டர். பத்து நிமிடத்துக்கு 160 லிட்டர். அந்தப் பத்து நிமிடத்தையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். ஐந்து நிமிடம் ஓட்டி, கால் மணி நேரம் விட்டு, மீண்டும் ஐந்து நிமிடம். காய்ந்த கரியும் மட்டையும் முதல் தண்ணீரை அப்படியே வழியவிடும். ஒருமுறை நனைந்த பிறகுதான் உறிஞ்சத் தொடங்கும். வேருக்கும் அதே கதைதான்.

பலரும் சறுக்கும் இடம் அழுத்தம். மாடித் தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார். ஸ்பிரிங்க்லருக்கு ஒன்றரை முதல் இரண்டு பார் வேண்டும். நான்கு முனை ஃபாகருக்கு நான்கு பார் வரை வேண்டும். அரை ஹெச்பி பிரஷர் பம்பு இல்லாமல் முனை சொட்டுமே தவிரத் தெளிக்காது. பம்புக்குப் பிறகு, முனையை அடைக்கும் தூசியைப் பிடிக்க 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர் ஒன்று. ஒவ்வொரு மேசைக்கும் தனி வால்வு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு மேசைக்கு ஊற்றி மற்ற மேசையை விட முடியாத குழாய், தொகுப்பைப் பிரித்து வைத்த பயனையே அழித்துவிடும்.

பொருத்தி முடித்ததும் மேசையில் செடிகளுக்கு நடுவே ஒரே அளவு டம்ளர்களை அங்கங்கே வைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். எந்த டம்ளரில் அதிகம், எதில் குறைவு என்று பாருங்கள். மூலைகள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். அதிகம் விழும் இடத்துக்குப் பெரிய, இலை அடர்ந்த செடி. குறைவாக விழும் மூலைக்குத் தண்டு தடித்த கேட்லியா. அகன்ற இலை ஒன்று குடைபோல விரிந்து பக்கத்துத் தொட்டியை மறைப்பதும் நடக்கும். அதனால் வாரம் ஒருமுறை ஹோஸ் பிடித்து மேசையைச் சுற்றி வாருங்கள். இதைக் குழாய் போட்ட பிறகும் நிறுத்தாதவர்களின் செடிகள்தான் நன்றாக இருக்கின்றன.

ஹோஸ் பைப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் எனக்குப் பிடித்த கருவி அதுதான். நீளமான கைப்பிடியும், நுனியில் பூவாளித் தலை மாதிரி மெல்லிய பல துளைகளும் உள்ள ஒன்றை வாங்குங்கள். வேகமாகப் பீய்ச்சும் துப்பாக்கி முனை கலவையைத் தொட்டியிலிருந்து கிளறி எறியும், இளம் தளிரை உடைக்கும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வரும் ஹோஸால் தொட்டிக்கு ஐந்து விநாடி என்று போனால் 350 தொட்டிகளையும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். இரண்டாம் சுற்றோடு ஒரு மணி நேரம். வாளியும் குவளையும் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதி. தினமும் எல்லாத் தொட்டிக்கும் தேவையில்லை என்று ஆகிவிட்டபின் அதிலும் பாதிதான் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் முக்கியமாக ஒன்று: வெயிலில் கிடந்த ஹோஸில் தேங்கியிருக்கும் தண்ணீர் கை சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். அதை முழுதும் தரையில் விட்டுவிட்டுத்தான் செடிக்குத் திருப்ப வேண்டும். கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிக்கும் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், அல்லது நிழல்வலையை அதன்மேலும் இழுத்துக் கட்டுங்கள்.

வாண்டாவைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்கி எடுப்பது பழைய பழக்கம். நான்கைந்து செடி வைத்திருப்பவருக்குச் சரி. பெரிய தொகுப்பில் அதைச் செய்யாதீர்கள். ஒரே தண்ணீரில் அடுத்தடுத்து முக்கினால் ஒரு செடியின் அழுகல் கிருமி எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். ஆர்க்கிட்டில் பரவலாக இருக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸுக்கு மருந்தே கிடையாது. அதற்குப் பதிலாக எல்லா வாண்டாவையும் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஹோஸால் ஒருமுறை வேர் முழுதும் நனைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி, வேர் நுனி வரை பச்சையாகும்வரை நனையுங்கள். அந்த இடைவெளியில் வேறு மேசை பார்க்கலாம். கோடையில் தினமும் காலையில் இப்படி, பிற்பகலில் இன்னொரு லேசான தெளிப்பு. வாண்டா வரிசைக்குக் கீழே பேலனோப்சிஸை வைக்கக் கூடாது. மேலிருந்து சொட்டுவது நேராக அதன் குருத்தில் விழும்.

பேலனோப்சிஸ் காட்டில் மரத்தில் சாய்ந்து தலைகீழாகத் தொங்கி வளர்வது. குருத்தில் விழும் தண்ணீர் தானாக வழிந்துவிடும். நாம் தொட்டியில் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். இரவு முழுதும் குருத்தில் தண்ணீர் நின்றால் குருத்தழுகல் வரும், வந்தால் அந்தச் செடி பெரும்பாலும் மீளாது. ஆகவே ஐம்பதையும் ஸ்பிரிங்க்லருக்கு வெளியே, மேலே பாலித்தீன் கூரை போட்ட ஓரிடத்தில், முடிந்தால் தொட்டியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். பாசி மேற்புறம் காய்ந்து தொட்டி கனம் குறைந்த பிறகு மட்டும் கலவையின் ஓரமாக ஊற்றுங்கள். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை போதும். பேலனோப்சிஸும் வாண்டாவும் இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கும் வகை. பகல் வெயிலில் மூடிக்கொண்டு தண்ணீரைக் காத்துக்கொள்ளும். ஒரு நாள் ஊற்றாமல் விட்டால் அவற்றுக்கு எதுவும் ஆகாது.

நேரத்தைப் பொறுத்தவரை காலை ஆறு முதல் எட்டுக்குள். இருட்டுவதற்குள் இலை காய்ந்திருக்க வேண்டும் என்பதே கணக்கு. டைமர் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அதை அணைத்துவிட்டுக் கையால் இயக்குங்கள். பெய்யும் மழையில் ஸ்பிரிங்க்லரும் ஓடிக்கொண்டிருந்ததால் போன செடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மழை தொடர்ந்து பெய்யும் வாரங்களில் தண்ணீரைவிட ஒரு மின்விசிறி அதிகம் உதவும்.

உரத்துக்குத் தனி ஏற்பாடு பெரிதாக வேண்டாம். 200 லிட்டர் டிரம், அதற்குள் ஒரு சிறிய மூழ்கு பம்பு, அதிலிருந்து ஹோஸ். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம் வீதம், அதாவது டிரம்முக்கு 100 கிராம், வாரம் ஒருமுறை, செடி ஏற்கெனவே நனைந்திருக்கும்போது. ஆர்ஓ தண்ணீரும் மழைநீரும் மட்டும் போகும் செடிகளுக்குக் கால்சியம் நைட்ரேட்டும் தேவைப்படும். அதை மற்ற உரங்களோடு அடர்கரைசலாக ஒரே பாத்திரத்தில் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், ஆகவே வேறு வாரத்தில் கொடுங்கள். மாதம் ஒருமுறை உரமே இல்லாமல், தொட்டியின் அடியிலிருந்து தாராளமாக வழியும்வரை ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவிவிட வேண்டும். அன்று வழிவதை ஒரு டம்ளரில் பிடித்து டிடிஎஸ் பாருங்கள். உள்ளே ஊற்றியதைவிட மிக அதிகமாக இருந்தால் இன்னொரு முறை கழுவுங்கள்.

ஈரப்பதத்துக்காகத் தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தட்டிலேயே ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும். மாடித் தரையை நனைத்துவிட்டால் அதே ஈரம் கிடைக்கும்.

ஊருக்குப் போகும் நாட்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூன்று மேசையாகப் பிரித்திருந்தால் இதுவும் எளிது. ஒவ்வொரு மேசைக் காலிலும் ஒரு நிறக் கயிறு கட்டுங்கள்: சிவப்பு தினமும், மஞ்சள் ஒன்றுவிட்டு ஒரு நாள், பச்சை தொடவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையனிடம் செடிகளின் பெயரையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வால்வைத் திறந்து ஐந்து நிமிடம், கால் மணி நேரம் விட்டு இன்னொரு ஐந்து நிமிடம், மழை பெய்தால் எதுவும் வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வாண்டா வரிசைக்கு மட்டும் ஹோஸ் பிடிப்பது எப்படி என்று கிளம்புவதற்கு முந்தின நாள் கூட நின்று ஒருமுறை செய்து காட்டுங்கள்.